பிரிக்கும் முன் எட்டிப் பாருங்கள்

கமாண்ட் லைன் என்றாலே அது கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்களின் குடும்பச் சொத்து, பி.காம். படிப்பவனுக்கு எதற்கு என்று ஒதுங்குகிறவர்கள்தான் அதிகம். இதில் பாதி நியாயம்கூட இல்லை. விண்டோஸ் 10-ல் 2018 முதலே டார் என்ற கட்டளை கூடவே வருகிறது. கறுப்புத் திரையில் "டார் -எக்ஸ்எஃப்" என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு கோப்பின் பெயரைக் கொடுத்தால் போதும். ஜிப் கோப்பைக்கூடப் பிரித்துவிடும். (லினக்ஸில் இருக்கும் குனூ டார் ஜிப்பைத் தொடாது. அங்கே அன்ஜிப் தான்.)

எக்ஸ் என்றால் பிரி. எஃப் என்றால் இந்தக் கோப்பை. எஃப் கடைசியில்தான் வரவேண்டும், அடுத்து வருவதைத்தான் அது கோப்பின் பெயர் என்று எடுத்துக்கொள்ளும். அவ்வளவுதான் மனப்பாடம்!

ஆனால் சொல்லிக் கொடுக்கிற பலரும் ஒரு தப்பு செய்கிறார்கள். எடுத்த எடுப்பில் பிரிக்கச் சொல்லிவிடுகிறார்கள். டார் 1979-ல் யூனிக்ஸ் 7-ஆம் பதிப்போடு வந்தது. காந்த நாடாவில் சேமிக்கப் பிறந்ததால் பெயரே டேப் ஆர்கைவ் என்பதன் சுருக்கம். அந்தக் காலத்து ஆள், எதிர்க்கேள்வி கேட்டுப் பழக்கமில்லை. பிராஜக்ட் ஃபோல்டரில் பேலன்ஸ் ஷீட் என்று ஒரு கோப்பு இருக்கிறது. நண்பன் அனுப்பிய தொகுப்பிலும் அதே பெயரில் போன மாதத்துக் கோப்பு. பிரித்த நொடியில் பழையது புதியதை அழித்துவிட்டு அங்கே உட்கார்ந்துகொள்ளும். அன்ஜிப்பாவது "மேலெழுதட்டுமா?" என்று கேட்கும். டார் கேட்காது. ரீசைக்கிள் பின்னில் தேடியும் பயனில்லை, வைவாவுக்கு முதல்நாள் இரவு இது நடந்தால் கேட்கவே வேண்டாம்.....

இன்னொன்று, தனி ஃபோல்டர் இல்லாமல் கட்டிய தொகுப்பு. பிரித்தால் நூற்றுக்கணக்கான கோப்புகள் இருக்கிற கோப்புகளோடு கலந்து சிதறும். டார்பாம் என்று இதற்குச் செல்லப்பெயர் வேறு :-)

வவுச்சரைப் பார்க்காமல் லெட்ஜரில் ஏற்றாதே என்று முதல் வருடத்திலேயே படிக்கிற காமர்ஸ் மாணவனுக்கு இது புதிதா என்ன? எக்ஸ் இருக்கும் இடத்தில் டி போட்டு "டார் -டிஎஃப்" என்று அடித்தால் எதையும் பிரிக்காமல் உள்ளே இருப்பதன் பட்டியலை மட்டும் காட்டும். பட்டியல் சந்தேகமாக இருந்தால் புதிதாக ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதற்குள் போய்ப் பிரிக்கலாம். அதற்கும் சோம்பலா? "-எக்ஸ்கேஎஃப்" என்று நடுவில் ஒரு கே. ஏற்கனவே இருக்கும் கோப்பின் மேல் டார் கை வைக்காது.