ஹிரோஷிமாவின் லேசான கார்

1989 பிப்ரவரி. சிகாகோ மோட்டார் கண்காட்சியில் மஸ்டா நிறுவனம் ஒரு சின்னக் காரைக் கொண்டுவந்து நிறுத்தியது. இரண்டே இருக்கை, துணிக் கூரை, 1.6 லிட்டர் இன்ஜின், 116 குதிரைத்திறன். அன்றைய அமெரிக்கச் சாலையில் ஓடிய பல குடும்பக் கார்களுக்கே அதைவிடச் சக்தி அதிகம். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போக முடியாது, மாதச் சாமான் வாங்கினால் வைக்க இடமும் போதாது. விலை 13,800 டாலர். எம்எக்ஸ்-5 மியாட்டா என்ற அந்தக் காரை மக்கள் வரிசையில் காத்திருந்து, முகவர்கள் மேலே கேட்ட தொகையையும் கொடுத்து வாங்கினார்கள். 2000ஆம் ஆண்டில் 5,31,890 வண்டிகளோடு, உலகில் அதிகம் விற்ற இரு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் என்று கின்னஸில் ஏறியது. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது வண்டி ஆலையிலிருந்து வெளியே வந்தது.

இந்த வகைக் காரைப் பிரபலமாக்கியவர்கள் ஆங்கிலேயர்கள். ஆனால் எம்ஜி நிறுவனம் 1980இல் தன் அபிங்டன் ஆலையையே மூடிவிட்டது. ட்ரையம்ஃப், லோட்டஸ் போன்றவையும் அந்த மலிவான சந்தையிலிருந்து ஒதுங்கிவிட்டன. எல்லோரும் கைவிட்ட ஒன்றை, ஜப்பானிலேயே டொயோட்டா, நிஸான் என்ற பெரிய வீடுகளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த ஒரு நிறுவனம் ஏன் கையில் எடுத்தது?

மஸ்டா தந்த ஓட்டும் சுகம், கூட்டிக் கூட்டி வந்தது அல்ல. கழித்துக் கழித்து வந்தது. கழித்ததற்குக் காரணம் தத்துவம் அல்ல, கையிருப்பு. செலவழிக்கக் காசில்லாத நிறுவனம் எடையைக் குறைத்தது, அந்தக் குறைப்பிலேயே தன் அடையாளத்தைக் கண்டுகொண்டது. அதை மறந்து பெரியமனிதத் தோரணைக்கு ஆசைப்பட்டபோதெல்லாம் கடனில் விழுந்தது. இன்று உலகம் முழுவதும் கார்கள் ஊதிப் பெருத்துவரும் வேளையில் இந்த வரலாற்றை நான் எழுதுவதற்கு அதுவே காரணம்.

1920இல் ஹிரோஷிமாவில் கார்க் தயாரிக்கும் கம்பெனியாகத் தொடங்கியது மஸ்டா. அடுத்த ஆண்டு பொறுப்பேற்ற ஜுஜிரோ மட்சுடா, மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து பட்டறை வேலையில் வளர்ந்தவர். 1931இல் மூன்று சக்கரச் சரக்கு வண்டி வந்தது. கார் வாங்க வக்கில்லாத வியாபாரிக்கு, காய்கறிக்காரருக்கு, மரக்கடைக்காரருக்கு உரிய வண்டி அது. 1945 ஆகஸ்ட் 6 அன்று நகரத்தின் மேல் அணுகுண்டு விழுந்தபோது, ஃபுச்சூவில் இருந்த ஆலைக்கும் வெடிமையத்துக்கும் இடையே ஹிஜியாமா என்ற குன்று நின்றது. நகரம் சாம்பலானது, ஆலை பெருமளவு தப்பியது. காயம்பட்டவர்களுக்கு அங்கே சிகிச்சை நடந்தது. மாகாண அரசு அலுவலகமே சில காலம் அந்த வளாகத்தில்தான் இயங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் மூன்று சக்கர வண்டித் தயாரிப்பு மறுபடி தொடங்கியது. இடிபாடுகளுக்கு நடுவே வீடு கட்ட மரமும் மண்ணும் சுமந்து போனவை இப்படிப்பட்ட வண்டிகள்தாம். அந்த ஊருக்கும் அந்தக் கம்பெனிக்கும் இடையில் இன்றும் இருக்கிற நெருக்கத்தை வெறும் முதலாளி - தொழிலாளி உறவாகப் பார்த்தால் புரியாது.

1960இல் முதல் பயணியர் கார்: ஆர்360 கூப்பே. 356 சிசி இன்ஜின், எடை 380 கிலோ. பானட்டுக்கு அலுமினியம், ஜன்னலுக்குக் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக். விலை 3 லட்சம் யென். பின்னாளில் எம்எக்ஸ்-5 பொறியாளர்கள் கிராம் கிராமாக எடை குறைத்ததைப் பற்றிப் பலரும் வியந்து எழுதுகிறார்கள். அந்தப் பழக்கம் இந்தக் குட்டிக் காரிலேயே இருக்கிறது.

ரோட்டரி இன்ஜின் கதை தனி. 1960களின் தொடக்கத்தில் ஜப்பான் அரசின் வர்த்தகத் தொழில் அமைச்சகம், கார் கம்பெனிகள் அதிகமாகிவிட்டன, சிலவற்றை ஒன்றாக இணைக்க வேண்டும் என்று எண்ணியது. இணைப்பு வந்தால் மஸ்டா முழுங்கப்படும் பக்கத்தில்தான் இருந்திருக்கும். தனியாக நிற்க வேண்டுமானால் வேறு யாரிடமும் இல்லாத ஒன்று கையில் இருக்க வேண்டும். ஜுஜிரோவின் மகன் ட்சுனேஜி மட்சுடா 1961இல் ஜெர்மனியின் என்எஸ்யு நிறுவனத்திடம் உரிமம் வாங்கினார். பிஸ்டன் மேலும் கீழும் போய்வருவதற்குப் பதில், முக்கோண வடிவ ரோட்டர் ஒன்று வளைந்த அறைக்குள் சுழலும் இன்ஜின் அது. சின்னது, லேசானது, அதிர்வு குறைவு. சிக்கல் என்னவென்றால் ரோட்டரின் மூன்று முனைகளிலும் உள்ள சீல், அறையின் சுவரை விடாமல் உரசிக்கொண்டே இருக்க வேண்டும். வேகத்தில் அந்தச் சீல்கள் நடுங்கின. சில மணி நேர ஓட்டத்திலேயே சுவரில் அலையலையாகக் கீறல் விழுந்தது. பிசாசின் நகக்கீறல் என்றே பொறியாளர்கள் அதற்குப் பெயர் வைத்தார்கள்.

கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பேர் கொண்ட குழு அந்தக் கீறலோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டியது. அலுமினியமும் கார்பனும் கலந்த சீலில் விடை கிடைத்தது. 1967 மே மாதம் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு மூல உரிமைக்காரரான என்எஸ்யுவும் ஆர்ஓ80 என்ற ரோட்டரி காரை வெளியிட்டது. அதன் சீல்கள் சீக்கிரமே தேய்ந்தன. உத்தரவாதத்தின் பேரில் இன்ஜின் மாற்றிக் கொடுத்தே கம்பெனி களைத்துப்போய், 1969இல் வோக்ஸ்வேகன் குழுமத்துக்குள் கரைந்துவிட்டது. கண்டுபிடித்தவர் கவிழ்ந்த இடத்தில், உரிமம் வாங்கியவர் நின்றார்.

அந்த வெற்றியே கண்ணை மறைத்தது. எல்லாக் காருக்கும் ரோட்டரி என்று மஸ்டா கிளம்பியது. அந்த இன்ஜின் பெட்ரோலைக் குடிக்கும். இன்ஜின் ஆயிலையும் கொஞ்சம் கொஞ்சமாக எரிக்கும். அறை நீண்டு மெலிந்திருப்பதால் எரிபொருள் முழுதும் எரிவதில்லை. 1973 எண்ணெய் நெருக்கடியில் அமெரிக்க விற்பனை சரிந்தது. சுமிட்டோமோ வங்கி உள்ளே வந்து தூக்கி நிறுத்தியது. ஆலையில் வேலையில்லாமல் இருந்த ஆயிரக்கணக்கான தொழிலாளர்களை வீட்டுக்கு அனுப்பாமல், நாடெங்கும் கார் விற்க அனுப்பினார்கள். ஸ்பேனர் பிடித்த கை, முன்பின் தெரியாத வீட்டின் கதவைத் தட்டியது. ஒவ்வொரு வண்டியும் யாருடைய வீட்டுக் கணக்கிலிருந்து வாங்கப்படுகிறது என்பதை அந்தத் தலைமுறைத் தொழிலாளிகள் நேரில் பார்த்தார்கள். 1980இல் வந்த ஃபமிலியா கார் சில மாதங்கள் டொயோட்டா கொரோலாவையே விற்பனையில் முந்தியதற்கும், அதுவே ஜப்பானின் முதல் ‘ஆண்டின் சிறந்த கார்’ விருதை வாங்கியதற்கும், இந்த அனுபவத்துக்கும் தொடர்பு உண்டு என்றே நினைக்கிறேன். சாதாரணமான, ஆனால் ஓட்ட உற்சாகமான கார் அது. கடலையே பார்க்காத இளைஞர்கள்கூட அதன் கூரையில் அலைச்சறுக்குப் பலகையைக் கட்டிக்கொண்டு ஊர் சுற்றினார்கள்.

மியாட்டாவின் விதையும் ஏறக்குறைய அந்தக் காலத்தில்தான் விழுந்தது. 1979இல் பாப் ஹால் என்ற அமெரிக்கக் கார் எழுத்தாளர், ரோட்டரி புகழ் யமமோட்டோவைச் சந்தித்தபோது, அடுத்து நீங்கள் செய்ய வேண்டியது பழைய ஆங்கிலேயப் பாணித் திறந்த கார்தான் என்று சொன்னார். பின்னர் அவரே மஸ்டாவில் சேர்ந்தார். யமமோட்டோ 1984இல் தலைவரானார். திட்டத்தை முன்னெடுத்த பொறியாளர் தோஷிஹிகோ ஹிராய்.

அவர்கள் செய்ததைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். இன்ஜினை முன் அச்சுக்குப் பின்னால் தள்ளி வைத்தார்கள். பேட்டரியைப் பின்னால் டிக்கிக்குக் கொண்டுபோனார்கள். பானட்டை அலுமினியத்தில் செய்தார்கள். இவ்வளவுக்கும் பிறகு முன்பக்க எடையும் பின்பக்க எடையும் கிட்டத்தட்டச் சரிபாதி. கியர்பாக்ஸையும் பின் அச்சிலுள்ள டிஃபரன்ஷியலையும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டத்தால் பிணைத்தார்கள். அதனால் காலை ஆக்ஸிலரேட்டரில் வைத்த கணமே, நடுவில் எதுவும் முறுகித் தளராமல், பின்சக்கரம் பதில் சொல்கிறது. கியர் குச்சிக்கு மணிக்கட்டை அசைத்தாலே போதும், தோளைத் திருப்ப வேண்டியதில்லை. ஜப்பானில் விற்ற வண்டியின் எடை 940 கிலோ, விலை 17 லட்சம் யென். இதன் பலன் மணிக்கு 200 கிலோமீட்டரில் கிடைப்பதல்ல. சாதாரண மலைப்பாதையில், சட்டம் அனுமதிக்கும் வேகத்தில், ஒரு கொண்டை ஊசி வளைவில் கிடைப்பது. 400 குதிரைத்திறன் காரை அதன் முழுத் திறனில் ஓட்ட ஒரு பந்தயத் தடம் வேண்டும். 116 குதிரைத்திறனை முழுசாக ஓட்டிப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைக் காலை போதும். இதைச் சம்பளக்காரருக்கு எட்டும் மகிழ்ச்சி என்பேன், விலையை மட்டும் வைத்து அல்ல.

இருவர் மட்டும் அமரும் காரை மலிவானது என்று எப்படிச் சொல்லலாம், அது இரண்டாவது கார் வாங்க முடிந்தவரின் பொம்மைதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரே காரில் குடும்பத்தை அடக்க வேண்டியவருக்கு மியாட்டா பதில் ஆகாது. ஆனால் மஸ்டா அந்தக் குணத்தைச் சாதாரணக் கார்களுக்கும் கொண்டுபோனது என்பதை விமர்சகர்கள் கணக்கில் எடுப்பதில்லை. 2007இல் வந்த மஸ்டா2 என்ற ஐந்து கதவுச் சின்னக் கார், தனக்கு முந்தியதைவிட ஏறக்குறைய 100 கிலோ குறைந்தது. புது மாடல் என்றால் எடை ஏறும் என்பதே தொழிலின் வழக்கமாக இருந்த காலம் அது. மறு ஆண்டு உலகின் சிறந்த கார் விருது அதற்குப் போனது. அதன் அடித்தளத்தைப் பகிர்ந்துகொண்ட ஃபோர்டு ஃபியஸ்டா 2011 முதல் சென்னைக்குப் பக்கத்தில் மறைமலை நகரில் தயாரானது. நம் ஊரில் மஸ்டா என்றால் ஸ்வராஜ் மஸ்டா வேன்தான் நினைவுக்கு வரும். அந்தக் கம்பெனியின் மறுமுகம், வேறு பெயரில், நம் சாலைகளிலும் கொஞ்ச காலம் ஓடியிருக்கிறது.

நடுவில் ஒரு பெரிய சறுக்கல். மியாட்டாவின் வெற்றி வந்த அதே நேரத்தில், ஜப்பானியப் பொருளாதாரக் குமிழி உச்சத்தில் இருந்தபோது, மஸ்டா டொயோட்டாவைப் போல வளரத் துடித்தது. உள்நாட்டில் யூனோஸ், ஆட்டோசாம், அன்ஃபினி போன்றவற்றைச் சேர்த்து விற்பனைக் கிளைகளை ஐந்தாக்கியது. ஒரே காரைச் சற்று மாற்றிப் பல பெயர்களில் விற்றது. அமெரிக்காவுக்கு அமாட்டி என்ற சொகுசுக் கார் வரிசையை அறிவித்து, 1992இல் விற்பனை தொடங்கும் முன்பே கைவிட்டது. குமிழி உடைந்ததும் கடன் கழுத்தை நெரித்தது. 1996இல் ஃபோர்டு தன் பங்கை 33.4 சதவீதமாக உயர்த்தி நிர்வாகத்தைக் கையில் எடுத்தது. ஒரு ஜப்பானியக் கார் நிறுவனத்துக்கு முதன்முறையாக வெளிநாட்டவர், ஹென்றி வாலஸ், தலைவரானார். அந்த நெருக்கடியில் வந்து விற்றுக் காப்பாற்றியது எது? டெமியோ என்ற எளிய, பெட்டி போன்ற சின்னக் கார்.

அந்தச் சறுக்கலுக்கு முன் ஒரு பெருமித நாள் உண்டு. 1991 லெ மான் 24 மணி நேரப் பந்தயம். நான்கு ரோட்டர் இன்ஜின் பொருத்திய 787பி வண்டி. ஜாகுவார், மெர்சிடிஸ் வண்டிகள் 1,000 கிலோ எடையில் ஓட வேண்டியிருந்தது. மஸ்டாவோ விதிமுறைக்காரர்களிடம் வாதாடி 830 கிலோவுக்கு அனுமதி பெற்றிருந்தது. முன்னால் போன மெர்சிடிஸ் கடைசி மணி நேரங்களில் சூடேறி நின்றது. பச்சை, ஆரஞ்சு வண்ணத்தில் 55ஆம் எண் வண்டி 362 சுற்றுகளை முடித்து முதலில் வந்தது. இறுதிக் கட்டத்தில் ஓட்டிய ஜானி ஹெர்பெர்ட் உடலில் நீர் வற்றி மயங்கியதால் வெற்றி மேடையில் ஏற முடியவில்லை. அந்தப் பந்தயத்தில் வென்ற முதல் ஜப்பானிய நிறுவனம் மஸ்டாதான். டொயோட்டா வெல்ல 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இங்கேயும் பலன் தந்தது எடைக் கணக்கு.

ஃபோர்டு மெல்ல மெல்ல விலகிய பின், 2015இல் வந்த நான்காம் தலைமுறை எம்எக்ஸ்-5, ஜப்பானின் அடிப்படை வகையில் 990 கிலோ. மோதல் பாதுகாப்பு விதிகள், காற்றுப்பைகள், மின்னணுக் கருவிகள் எல்லாம் சேர்ந்த பிறகும், இருபத்தாறு ஆண்டு இடைவெளியில் ஏறியது வெறும் 50 கிலோ. பாதுகாப்புதான் எடைக்குக் காரணம் என்று மற்றக் கம்பெனிகள் சொல்லும்போது நான் இந்த எண்ணைத்தான் நினைத்துக்கொள்கிறேன். பழைய வாடிக்கையாளரையும் அவர்கள் விடவில்லை. முதல் தலைமுறை வண்டிகளுக்கு உதிரிபாகங்களை மறுபடி தயாரித்தார்கள். அந்தக் காலத்து டயர் வடிவத்தைக்கூட பிரிட்ஜ்ஸ்டோனோடு சேர்ந்து திரும்பக் கொண்டுவந்தார்கள்.

இப்போதைய நிலைதான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. ஆண்டுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று லட்சம் வண்டி விற்கும் நிறுவனம், ஒரு கோடி விற்கும் டொயோட்டாவோடு பங்கு உறவு வைத்துக்கொண்டது புத்திசாலித்தனம். ஆனால் 2022இல் வந்த சிஎக்ஸ்-60, அதன் பின் வந்த சிஎக்ஸ்-90 ஆகியவை ஆறு சிலிண்டர் இன்ஜினோடு ஜெர்மானியச் சொகுசு வண்டிகளின் பக்கம் போகின்றன. லாபம் அங்கே இருக்கிறது என்பது தெரியும். அமாட்டியை அறிவித்தபோதும் அப்படித்தான் சொன்னார்கள். 2023 டோக்கியோ கண்காட்சியில் ஐகானிக் எஸ்பி என்ற மாதிரி ஸ்போர்ட்ஸ் காரைக் காட்டினார்கள். ரோட்டரி இன்ஜின் மின்சாரம் தயாரிக்க, மோட்டார் சக்கரத்தைச் சுழற்றும். 370 குதிரைத்திறன். எடை 1,450 கிலோ. அழகில் குறையே சொல்ல முடியாது. பேட்டரிக்கு எடை உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் 990ஐ விட 460 கிலோ கூடுதல். கிட்டத்தட்ட ஓர் ஆர்360 காரையும் மேலே ஒரு ஆளையும் ஏற்றியது போல. பேட்டரியைச் சிறிதாக்கி, சக்தியை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து, விலையை ஓர் ஆசிரியரோ செவிலியரோ தவணையில் கட்டும் அளவுக்குக் கொண்டுவரும் வேலையைச் செய்யக்கூடிய பொறியாளர்கள் வேறு எங்கும் இல்லை, ஃபுச்சூவில்தான் இருக்கிறார்கள். நிர்வாகம் அவர்களிடம் அதைக் கேட்க வேண்டும்.