நடுவயதில் கடலை நாடுவோர்

இளம் பிராயத்தில் ஜீவசாஸ்திரத்தின்மீது கொண்ட மோகத்தைக் குடும்ப நிர்ப்பந்தத்தால் கைவிட்டு, ஏதோ ஒரு காரியாலயத்தில் பாதி ஆயுளைக் கழித்தபின், கடல்வாழ் உயிர்களைக் காக்கும் பணியில் மீண்டும் ஈடுபட விழைகிறவர்களுடைய உற்சாகத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்த உற்சாகத்தைக் காட்டிலும், அளந்து குறித்துவைக்கும் சிரத்தையே சமுத்திரத்துக்கு அதிகம் பயன்படும் என்பது என் அபிப்பிராயம்.

கலிபோர்னியாவின் சார்லஸ் மூர், மரச்சாமான்களைச் செப்பனிடும் தொழிலில் வெகுகாலம் இருந்தவர். 1997இல் ஹவாயிலிருந்து தம் சொந்தக் கப்பலில் ஊர் திரும்புகையில், பசிபிக்கின் நடுவே பிளாஸ்டிக் துணுக்குகள் மிதக்கக் கண்டார். கண்டதைச் சொல்லிப் புலம்பியதோடு நின்றிருந்தால் உலகம் மறந்தே போயிருக்கும். அவரோ விஞ்ஞானிகளிடம் முறையைக் கேட்டறிந்து, இரண்டு வருஷம் கழித்து நுண்வலையோடு அங்கே சென்று, அரித்தெடுத்ததையெல்லாம் தரம் பிரித்து நிறுத்தார். மிதவை உயிர்களைப்போல ஆறு மடங்கு எடை பிளாஸ்டிக் இருந்தது. 2001இல் அந்த ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தபின்தான் பலரும் செவிசாய்த்தனர்.

நம் சென்னைக் கடற்கரையிலும் இத்தகைய வேலைக்குக் குறைவில்லை. 1988இல் மாணவர்கள் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர், ஜனவரி பிறந்ததும் இரவெல்லாம் மணலில் நடந்து, பங்குனி ஆமையின் முட்டைகளைத் தேடியெடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். முட்டையிட்ட சில மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும், பிறகு முட்டையைப் புரட்டினால் அது மடிந்துபோகும். தாய் தோண்டியதுபோலவே வாய் குறுகி அடி அகன்ற குடுவையாக, ஏறக்குறைய ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி பறிக்க வேண்டும். நூறுக்கு மேலும் இருக்கக்கூடிய முட்டைகளை ஒவ்வொன்றாய் எண்ணி ஏட்டில் பதிய வேண்டும். மணலின் சூடு ஏறினால் பெண் குஞ்சுகளும் தணிந்தால் ஆண் குஞ்சுகளும் மிகுதியாவதால், வெப்பமானியையும் கவனித்து வர வேண்டும். கணக்கெழுதிப் பழகிய கைக்கு இது இயல்பாகவே வரும். வாலிபர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

ஆயினும், ராஜிநாமாக் கடிதத்தை அவசரப்பட்டு நீட்டுவது விவேகமன்று. சம்பளத்தோடு கூடிய பதவிகள் சொற்பம். அவற்றுக்கும் பட்டதாரிகள் வரிசையில் காத்திருக்கிறார்கள். உத்தியோகத்தில் இருந்தபடியே செய்யத்தக்க காரியங்கள் நிறைய உண்டு. உதாரணமாக, இழுவலையில் சிக்கிய ஆமை, மூச்சுவிட மேலே வரமுடியாமல் செத்துக் கரையொதுங்குகிறது. ஆமை தப்பும் வழி வைத்த வலையில் தன் மீனும் தப்பிவிடும் என்று அஞ்சுகிற விசைப்படகுக்காரரிடம், டீசல் செலவையும் கடன் தவணையையும் எடுத்துவைத்து நிதானமாகப் பேச, நேற்றுப் பட்டம் வாங்கிய ஜீவசாஸ்திரியைவிட, வட்டிக் கணக்கில் தலை நரைத்த ஒரு வங்கி அதிகாரியே ஏற்றவர்.