பாவம் பார்க்காமல் எழுதுங்க

மலையகக் கலைஞர் ஒருத்தர் கொழும்பில் படைப்பு வைத்தால், வரப்போகிற கட்டுரையை நாங்கள் இங்கே பதுளையில் இருந்தே சொல்லிடுவோம்: 200 வருட வலி, லயம், கண்ணீர். படைப்பு எங்கே?

ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைக் கறையையும் தேத்தண்ணி வடிகட்டியையும் வைத்து வேலை செய்கிறவர். ஏன் வடிகட்டி? நல்ல தூள் கப்பல் ஏறிடுது. லயத்தில் ஊத்துறது பெரும்பாலும் டஸ்ட். சாயம் கடும், கறையும் சீக்கிரம் பிடிக்கும். அதைத் தினமும் தேய்ச்சுக் கழுவுகிற பசறைத் தோட்டத்து அம்மாவுக்கு இது தெரியும். காட்டினால், கறை சரியா விழுந்திருக்கா, சும்மா அலங்காரமா என்றும் சொல்லிடுவாங்க. விமர்சகர் அந்தக் கேள்விக்கே வருவதில்லை. 'துயரம்' என்று எழுதியதும் அவர் வேலை முடிஞ்சுது.

1943இல் தொடங்கின '43 குழு' ஓவியர்கள் என்றால் மட்டும் கோடு, நிறம் எல்லாம் பேசுவீங்க. ஜோர்ஜ் கீற்றின் கோட்டில் பிக்காசோ எவ்வளவு என்று கேட்பீங்க. எங்கட ஆட்களின் படைப்பு சறுக்கினால் மட்டும் வாயே திறக்கமாட்டீங்க, பாவமாம். (ரயிலில் பத்து மணித்தியாலம் குந்தி வந்து கண்காட்சி பார்க்கிற எங்களுக்கு அந்தக் கரிசனை தேவையில்லை.) கீற்றைப் பார்த்த அதே கண்ணால் வடிகட்டியையும் பாருங்க. பிடிக்காவிட்டால் ஏன் என்று எழுதுங்க, தமிழிலும். நாங்கள் பதில் எழுதுறோம்.