சர்வர் நலம், காத்திருப்பவர் யார்?

மெய்நிகர் மேசைக்கணினிகளின் செயல்திறனைக் கண்காணிப்பது கணினிப் பிரிவினரின் உள்விவகாரம் என்று எண்ணிக் கலைப்புல ஆய்வாளர்களாகிய நாம் ஒதுங்கி நிற்கிறோம். அந்த ஒதுக்கம் நமக்கே இழப்பு என்பது என் கருத்து. எதை அளப்பது, எங்கிருந்து அளப்பது, அளந்ததை யாருக்குக் காட்டுவது என்னும் மூன்றும் வெறும் தொழில்நுட்ப முடிவுகள் அல்ல. யாருடைய நேரத்துக்கு மதிப்பு உண்டு என்பதையும் அவையே தீர்மானிக்கின்றன.

இந்த ஏற்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆய்வகத்தில் நம் மேசைமீது இருப்பவை திரை, விசைப்பலகை, ஒரு சிறு பெட்டி ஆகியவை மட்டுமே. நாம் பயன்படுத்தும் விண்டோஸோ லினக்ஸோ வேறோர் அறையிலுள்ள சர்வரில் இயங்குகிறது. ஒரே சர்வரில் பல இயங்குதளங்கள் குடியிருக்கின்றன. அவற்றுக்கு மையச் செயலகத்தையும் நினைவகத்தையும் பங்கிட்டுத் தருவது ஹைப்பர்வைசர் என்னும் மென்பொருள். கையிருப்பைவிடக் கூடுதலாக வாக்களிப்பது இம்முறையில் வழக்கம். எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்கமாட்டார்கள் என்னும் நம்பிக்கையில்தான் சிக்கனம் பிறக்கிறது. வகுப்பு தொடங்கும் வேளையிலோ எல்லோரும் ஒரே நேரத்தில்தான் உள்நுழைகிறோம்.

மெய்நிகர் இயந்திரத்துக்கான இலக்கணத்தை ஜெரால்ட் போப்பெக், ராபர்ட் கோல்ட்பர்க் ஆகிய இருவரும் 1974ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில் வகுத்தனர். உண்மையான இயந்திரத்தில் ஒரு நிரல் எவ்வாறு நடந்துகொள்ளுமோ, அவ்வாறே மெய்நிகர் இயந்திரத்திலும் நடந்துகொள்ள வேண்டும் என்பது அதன் முதன்மையான விதிகளுள் ஒன்று. அதற்கு அவர்கள் விலக்கும் அளித்தனர்: கால அளவும் கிடைக்கும் வளங்களும் மாறுபடலாம். நம் துன்பம் முழுவதும் இந்த விலக்குக்குள்தான் அடங்கியிருக்கிறது. விடை மாறுவதில்லை, விடை வரும் நேரம் மாறுகிறது.

நேரம் எங்கே போயிற்று என்று உள்ளிருந்து பார்த்தால் எளிதில் தெரிவதில்லை. லினக்ஸில் ‘டாப்’ கட்டளையை இயக்கினால் ‘எஸ்டி’ என்றோர் எண் தென்படும். அது களவுபோன நேரத்தின் விழுக்காடு: நம் இயங்குதளம் வேலைக்கு ஆயத்தமாக இருந்தும், ஹைப்பர்வைசர் செயலகத்தை வேறொருவருக்குக் கொடுத்திருந்த நேரம். ஹைப்பர்வைசர் சொன்னால்தான் அந்த எண்ணும் நமக்குத் தெரியும். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் இப்படியொரு பத்தியே கிடையாது. நினைவகத்திலும் இதே கதைதான். சர்வரில் நெருக்கடி ஏற்படும்போது, ‘பலூன்’ எனப்படும் இயக்கி நம் இயங்குதளத்துக்குள் ஊதிப் பெருத்து நினைவகத்தைப் பிடித்துக்கொள்கிறது. பிடித்ததை ஹைப்பர்வைசர் பிறருக்குத் தருகிறது. உள்ளிருக்கும் இயங்குதளமோ தனக்கே பற்றாக்குறை என்று கருதி, தன் பக்கங்களை வட்டுக்கு அனுப்பத் தொடங்குகிறது.

இதன் விளைவை எங்கள் துறையில் கண்டிருக்கிறோம். தரவகத்தைப் பகுக்கும் நிரல் ஒருநாள் சில நிமிடங்களில் முடிகிறது. மறுநாள் பாதியில் திணறுகிறது. முறையிட்டால், “சர்வர் நலமாக இருக்கிறது, உங்கள் நிரலைச் சரிபாருங்கள்” என்று விடை வருகிறது. முதுகலை மாணவி ஒருவர் இதைக் கேட்டால், தம் அறியாமையே காரணம் என்று நம்பிவிடுவார். அளவைகள் ஒரு தரப்பின் கையில் மட்டும் இருக்கும்போது, பிழையின் பழி மறுதரப்பின் தலையில் விழுகிறது.

‘நலமாக இருக்கிறது’ என்னும் கூற்று பெரும்பாலும் சராசரியிலிருந்து பிறப்பது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் 36 பேருக்கு 0.1 நொடியில் திரை விடையளிக்கிறது, நால்வருக்கு 5 நொடி ஆகிறது என்று கொள்வோம். சராசரி 0.59 நொடி. அறிக்கையில் அது அழகாகவே தோன்றும். சிந்தனை ஓட்டம் அறுபடாதிருக்க ஏறத்தாழ ஒரு நொடியே எல்லை என்று ஜேக்கப் நீல்சன் 1993இல் எழுதினார். அந்த நால்வரும் அவ்வெல்லையை எப்போதோ கடந்துவிட்டார்கள். எனவே சராசரியோடு 95ஆம் நூற்றுமானத்தையும் சொல்ல வேண்டும். சர்வரின் பயன்பாட்டு விழுக்காட்டோடு, விசையை அழுத்தியது முதல் எழுத்து திரையில் தோன்றும் வரையிலான காலத்தையும் அளக்க வேண்டும்.

கூடுதலாக அளப்பதால் மட்டும் தீர்வு வந்துவிடாது. உற்றுநோக்கலே உற்றுநோக்கப்படும் பேச்சை மாற்றிவிடுகிறது என்னும் வில்லியம் லபோவின் முரண்பாட்டை மொழியியலார் அறிவோம். கணினிக்கும் அது பொருந்தும். ஒவ்வொரு மேசைக்கணினியிலும் ஒரு கண்காணிப்பு முகவர் நிரல், ஒரு செயலகக் கருவின் 2 விழுக்காட்டைத் தின்கிறது என்று கொண்டால், ஐம்பது மேசைக்கணினிகளில் ஒரு முழுக் கருவே போய்விடும்.

இதைவிடக் கவலைக்குரியது வேறொன்று. இயந்திரத்தைக் கண்காணிக்கும் அதே கருவியால், எந்த மாணவர் எந்தச் செயலியை எவ்வளவு நேரம் திறந்திருந்தார் என்பதையும் பதிய முடியும். களப்பணியில் பேச்சாளரின் ஒப்புதல் பெற்ற பிறகே ஒலிப்பதிவைத் தொடங்குகிறோம். அந்த ஒலிப்பதிவை ஆராயும் ஆய்வாளரைப் பதிவுசெய்ய ஒப்புதல் தேவையில்லை என்பது எவ்வகை அறம்? அந்தரங்கம் அடிப்படை உரிமை என உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்த நாட்டில், இக்கேள்வியைப் பல்கலைக்கழகங்கள் தாமே எழுப்பியிருக்க வேண்டும்.

மெய்நிகர் மேசைக்கணினியை நான் எதிர்க்கவில்லை. விலையுயர்ந்த மடிக்கணினி வாங்க இயலாத மாணவருக்கும் அது ஒரே தரமான மென்பொருளைத் தருகிறது. தரவும் ஓரிடத்தில் காக்கப்படுகிறது. நான் கேட்பவை மூன்று. சர்வர் நெருக்கடியின் அளவைகளைத் துறைகள் காணும்படி வெளியிட வேண்டும். பயனரின் இருக்கையிலிருந்து அளந்த தாமதமும் அவற்றில் இடம்பெற வேண்டும். இயந்திரத்தின் அளவைகளையும் மனிதரின் நடத்தைப் பதிவுகளையும் எழுத்துப்பூர்வமான விதியால் பிரிக்க வேண்டும். பின்னவை தேவையெனில் காரணமும் காலவரம்பும் முன்னரே அறிவிக்கப்பட வேண்டும்.

இவற்றுள் எதற்கும் புதிய சர்வர் வாங்கத் தேவையில்லை. அடுத்த துறைக்கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி சேர்த்தால் போதும். உங்கள் நிறுவனங்களில் இந்த அளவைகள் மாணவர்களுக்குக் காட்டப்படுகின்றனவா என்பதைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள்; கோரிக்கையைச் சேர்ந்தே முன்வைக்கலாம்.