கணனியில் தமிழ் இல்லையாம்!

தம்பலகாமத்துக் கமக்காரர் ஒருவர் தம் வயற்காணி பற்றிய கடிதமொன்றை அண்மையில் நம்மிடம் கொண்டுவந்தார். கடிதம் முழுவதும் சிங்களம். வாசிக்க ஆள் தேடி அவர் அலைந்த நாட்களிலேயே ஆட்சேபணைக்குரிய தவணை கழிந்துவிட்டது. துறைமுகத்தை அண்டியுள்ள அந்த அலுவலகத்துக்கு அவரோடு சென்று காரணம் கேட்டோம். “கணனியில் தமிழ் இல்லை” என்றார்கள்.

என்னே விந்தை! 1956இல் தனிச் சிங்களச் சட்டம் தமிழை வெளிப்படையாகவே வெளியேற்றியது. 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கிற்று. வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாகமும் பொதுப் பதிவேடுகளும் தமிழில் நடத்தல் வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை. சட்டம் கொடுத்ததை இன்று இயந்திரம் பறிக்கிறதாம்! நம்பலாமா?

யாழ்ப்பாணத்தவரான ஆர். முத்தையா 1930களிலேயே தமிழ்த் தட்டச்சுப் பொறிக்கு விசைப்பலகை வகுத்தார். 1991இல் வெளிவந்த யுனிகோட் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. 2008இல் இலங்கைக் கட்டளைகள் நிறுவனம் தமிழ்க் கணனி எழுத்துக்கென 1326ஆம் இலக்க நியமத்தை வெளியிட்டது. இன்று கடைச்சிறுவனின் கைத்தொலைபேசியிலும் தமிழ் தட்டலாம். அரசாங்கத்தின் கணனி மட்டும் ஊமையா?

மொங்கோலியரைப் பாருங்கள். மேலிருந்து கீழாக ஓடும் அவர்களது பழைய எழுத்து, 1940களில் சிரில்லிக்குக்கு இடம்விட்டு அரச அலுவலிலிருந்து அகன்றது. சொல்லில் நிற்கும் இடத்துக்கேற்ப உருமாறும் அவ்வெழுத்தைக் கணனியில் அமைப்பது தமிழைவிடப் பெருஞ்சிக்கல். ஆயினும் 2015இல் சட்டம் இயற்றி, 2025 முதல் அரச ஆவணங்களை இரு எழுத்திலும் எழுதப் பணித்தார்கள். மனமிருந்தது; மார்க்கம் பிறந்தது.

பிறரைச் சாடும் நாம் நம் குற்றத்தையும் மறைக்கலாகாது. நம் சட்டத்தரணிகளும் அச்சகத்தாரும் இன்னும் பாமினி எழுத்துருவைக் கட்டிக்கொண்டு அழுகிறோம். அதில் ‘தமிழ்’ என்று தட்டினால் கணனி உள்ளே பதிவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே! எழுத்துரு இல்லாத கணனியில் அந்த உறுதி வெறும் குப்பை. பெயரைத் தமிழில் தேடினாலும் அகப்படாது. இப்படி எழுதிக்கொடுத்துவிட்டு, “தமிழ்க் கோப்பு திறக்கவில்லை” என்று உத்தியோகத்தர் கைவிரித்தால் பழி யாருடையது?

ஆகவே கமக்காரரே, விளங்காத மொழியில் வரும் கடிதத்துக்குக் கைநாட்டு வையாதீர். தமிழ்ப் பிரதி வேண்டுமென அன்றே எழுத்தில் கேளுங்கள். கேட்டதன் பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். மறுத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடுங்கள். படித்தவரே, இன்றே யுனிகோட்டுக்கு மாறுங்கள். அம்முறைப்பாட்டை எழுதிக் கொடுப்பதும் உங்கள் கடன்.

அரசாங்கத்தாரே, கணனியில் தமிழ் இருக்கிறது. உங்கள் அலுவலகத்தில் தமிழ் தட்டத் தெரிந்த ஒருவரை அமர்த்துங்கள். தமிழ்க் கடிதம் கையில் கிடைக்கும்வரை எந்தக் கமக்காரனின் தவணையும் ஓடலாகாது!