ஏரி மேல ஒரு ராத்திரி

"தண்ணி மேல தூங்குறதா? கட்டில்லயே எனக்குத் தூக்கம் வர மாட்டேங்குது!" என்றார் என் மாமியார். ஆலப்புழை போய்ப் படகு வீட்டில் ஒரு ராத்திரி தங்க வேண்டும் என்பது கொழுந்தனாரின் பிடிவாதம். தைப் பனியில் எங்கள் கீரமங்கலத்தில் மல்லிகை வரத்து குறைந்துவிடும். பூ எடுக்கிற வேலை ஓய்கிற அந்தச் சமயத்தை விட்டால் எங்கள் வீட்டில் யாரும் எங்கேயும் கிளம்ப முடியாது. எனவே போன பொங்கல் கழிந்ததும் வேன் பிடித்து, தேனி, குமுளி வழியாகப் போனோம். மாமியார், நாங்கள் இருவர், கொழுந்தனார், ஓரகத்தி, அவர்களுடைய ரெண்டு வயசுக் குட்டி.

சகோதரிகளே, படகு என்றால் படகு இல்லை. ரெண்டு படுக்கையறை, குளியலறை, சமையலறை எல்லாம் வைத்த வீடேதான். அந்தக் காலத்தில் நெல் மூட்டை ஏற்றிப் போன கெட்டுவள்ளம் இது. லாரியும் பாலமும் வந்து அதற்கு வேலை இல்லாமல் போனபின், 1990-களில் சுற்றுலாவுக்கு மாற்றினார்களாம். பழைய முறையில் ஆணியே அடிக்காமல், ஆஞ்சிலிப் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டுவார்கள். ஆஞ்சிலி நம் பலாவுக்குப் பங்காளி மரம். "நம்ம ஊருப் பலாவையும் தேங்கா நாரையும் வச்சுத்தான் செஞ்சிருக்கான்" என்றதும் மாமியாருக்குப் பாதி பயம் போய்விட்டது.

மத்தியானம் ஏறினோம். சிவப்பரிசிச் சோறு, கரிமீன் வறுவல். படகு வேம்பநாட்டுக் காயலில் மெதுவாகப் போகிறது. ஒரு பக்கம் வரப்பு மாதிரி கரை, அதற்கு அந்தப்புறம் நெல் வயல். குட்டநாட்டில் பல வயல்கள் கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கின்றன. தண்ணீரில் மிதந்துகொண்டே பயிரைக் குனிந்து பார்ப்பது இருக்கிறதே, அதை மட்டும் நேரில்தான் பார்க்க வேண்டும். எங்களுக்கோ ஆயிரம் அடிக்குப் போர் போட வேண்டியிருக்கிறது. அவர்களோ மோட்டார் வைத்துத் தண்ணீரை வெளியே இறைத்துவிட்டு விவசாயம் செய்கிறார்கள்!

இந்த மயக்கத்தில்தான் ஒரு தப்பு நடக்க இருந்தது. ஓரகத்தி பால் கலக்கத் திரும்பிய அரை நிமிஷத்தில் குட்டி முன்தளத்து ஓரத்துக்குப் போய்விட்டாள். அங்கே கைப்பிடியே கிடையாது. மாமியார் எட்டிக் கவுனைப் பிடித்திருக்காவிட்டால்... எழுதவே கை நடுங்குகிறது. மிதவைச் சட்டை கேட்டால், எல்லாம் பெரியவர்கள் அளவு. கைக்குழந்தையோடு போகிறவர்கள் பணம் கட்டும் முன்பே குழந்தை அளவுச் சட்டை உண்டா, தளத்தைச் சுற்றித் தடுப்பு உண்டா என்று கேட்டுவிடுங்கள். பால் கலக்க நன்றாகக் கொதித்த தண்ணீரை ஒரு பிளாஸ்க்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் ஐந்தரைக்கெல்லாம் படகைக் கரையோரத் தென்னையில் கட்டிவிட்டார்கள். இருட்டினால் மீனவர்கள் வலை விரிப்பார்கள், பெரிய படகு ஓடினால் வலை அறுந்துவிடும். அதுவரை ஓடிய இன்ஜின் சத்தம் நின்றதும்தான் ஏரியின் சத்தமே கேட்டது. சமையல்காரர் வந்து, "வெள்ளம் வேணோ அம்மே?" என்று மாமியாரைக் கேட்டார். "வெள்ளமா!" என்று எழுந்தேவிட்டார் மாமியார். அவர்கள் பாஷையில் தண்ணீர்தான் வெள்ளம். சிரிப்பு அடங்கியபின் அந்த மனிதர், 2018 ஆகஸ்டில் நிஜ வெள்ளம் வந்து குடும்பத்தோடு முகாமுக்குப் போன கதையைச் சொன்னார். அதே வருஷம் நவம்பர் 16-ல் கஜா புயலில் எங்கள் தோப்பு மொத்தமாகச் சாய்ந்ததை மாமியார் சொன்னார். அவர் மலையாளம், இவர் தமிழ். ரொம்ப நேரம் பேசினார்கள்.

ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. குளியலறைக்குப் போய்த் தண்ணீர் விட்டபோது, வெளியே ஏரியில் 'சளக்'கென்று சத்தம். ஜன்னல் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். குழாய் நேரே ஏரியில்!

காலையில் படகோட்டியிடம் கேட்டதற்கு, தொட்டி இருக்கிறது என்று தலையை ஒருமாதிரி ஆட்டினாரே தவிர, காட்டவில்லை. அவரைச் சொல்லி என்ன, அவர் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர். ஆனால் ஒரு விஷயம் சொன்னார். நெல்லுக்கு உப்புத் தண்ணீர் ஏறாமலிருக்க, தண்ணீர்முக்கத்தில் 1976 முதல் ஒரு தடுப்பணை இருக்கிறதாம். வெயில் மாதங்களில் அதன் ஷட்டர்களை மூடிவிடுவதால் ஏரியில் ஓட்டம் குறைந்து தண்ணீர் தேங்கிவிடுமாம். அப்படியானால் நாங்கள் விட்டது எங்கே போயிருக்கும்?

பதில் பக்கத்திலேயே இருந்தது. எங்கள் படகிலிருந்து பத்தடி தள்ளி, கரைப் படியில் என் வயசுப் பெண் ஒருத்தி குனிந்து பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. குட்டியின் அழுக்குத் துணிகளை அலச எடுத்த ஓரகத்தியைத் தடுத்து, பையில் கட்டி வேனில் போடச் சொன்னேன். கழிவுத் தொட்டியைக் கண்ணால் பார்க்காமல் இன்னொரு படகில் ஏறமாட்டேன் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அதைக் காட்டச் சொன்னா நம்மளச் சுகாதார இன்ஸ்பெக்டர்னு நெனப்பான்" என்றார். நினைக்கட்டுமே!

பாத்திரம் முடிந்ததும் அந்தப் பெண் ரெண்டு குடங்களைச் சின்ன வள்ளத்தில் வைத்துத் துடுப்பு போடக் கிளம்பினாள். எங்கே என்று மாமியார் சைகையில் கேட்டார். "குடிவெள்ளம்" என்று தூரத்தில் கை காட்டினாள். கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர்; குடிக்கிற தண்ணீருக்கு அவள் துடுப்பு போட்டுப் போக வேண்டும்.

நாங்கள் வழிக்கென்று வாங்கிய இருபது லிட்டர் கேன்களில் ஒன்று பிரிக்காமலே இருந்தது. மாமியார் யாரையும் கேட்கவில்லை. "புடி ஆத்தா" என்று ஓரத்தில் நின்று நீட்டினார். அவள் முதலில் வேண்டாமென்று தலையாட்டி, அப்புறம் வாங்கி வள்ளத்தின் நடுவில் வைத்துக்கொண்டாள்.

வேன் குமுளி மலை ஏறும்போது மாமியார் திடீரென்று, "அந்தப் புள்ள பேரைக் கேக்க மறந்துட்டேனே" என்றார்.