மலைப் பாதைக்கு எந்த வண்டி?

மலைநாட்டிலே ஒருவர் மோட்டார் வண்டி வாங்கப் போகிறார் என்ற செய்தி வெளியானதும், அவருக்கு ஆலோசனை கூற ஊரே திரண்டு வந்துவிடுகிறது. பெண் பார்க்கும் விஷயத்திற் கூட இத்தனை அபிப்பிராயங்கள் எழுவதில்லை. பதுளையிலும் பண்டாரவளையிலும் உத்தியோகம் பார்க்கும் இளைஞர்கள் இப்பொழுது நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சேர், சுசுக்கி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் நல்லதா, ஹொண்டா ஃபிட் ஆர்.எஸ். நல்லதா? நாள்தோறும் வேலைக்குப் போய்வர வேண்டும், ஓட்டுவதற்கும் உற்சாகமாக இருக்க வேண்டும்" என்பதே அக்கேள்வி.

இதை வெறும் வாலிப விளையாட்டு என்று நாம் ஒதுக்கிவிடுவதற்கில்லை. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரி முதலாந் திகதிதான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பழைய வண்டிகளும் பொன்னின் விலைக்கு விற்றன. இன்று வரியும் வட்டியும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், கார் வாங்குவதென்பது ஒரு குடும்பம் பல்லாண்டுகளாகச் சேர்த்ததை ஒரே நாளில் எடுத்து வைப்பதாகும். அதிலும், பாட்டனும் பாட்டியும் கொழுந்துக் கூடை சுமந்து நடந்த மலையிலே, பேரன் குடும்பத்தின் முதற் காரை வாங்குகிறான் என்றால் அதன் பெருமையும் பெரிது, பொறுப்பும் பெரிது.

இந்த வாக்குவாதம் நம் மலைகளுக்குப் புதியதுமன்று. ஒரு காலத்தில் இதே கேள்வி மொரிஸ் மைனரா, மினியா என்ற வடிவில் எழுந்தது. 1948ல் வெளிவந்த மைனரையும் 1959ல் வெளிவந்த மினியையும் வரைந்தவர் அலெக் இஸிகோனிஸ் என்னும் ஒரே பொறியியலாளர்தாம். மைனர் பொறுமைசாலி, மினியோ பத்தங்குலச் சக்கரங்களில் ஓடிய குறும்புக்காரப் பிள்ளை. ஜோன் கூப்பர் என்னும் பந்தய வண்டி வல்லுநரின் யோசனையால் 1961ல் மினி கூப்பர் பிறந்தது. 1964ல் மொண்டி கார்லோ ஓட்டப் போட்டியில் வெற்றியும் பெற்றது. அப்போது செய்யப்பட்ட மாற்றங்களுள் எஞ்சினைப் பெரிதாக்கியதையே பலரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் பூட்டியதை மறந்துவிடுகிறார்கள். வேகத்தைக் கூட்டியவர்கள் நிறுத்தும் வலுவையும் கூடவே கூட்டினார்கள் என்பதை நம் இளைஞர்கள் மனங்கொள்ள வேண்டும்.

இனி, நம் முன்னே நிற்கும் இரண்டு வண்டிகளையும் பார்ப்போம். ஸ்விஃப்ட் ஸ்போர்ட் என்று நாம் இங்கே குறிப்பது, 2017ல் ஜப்பானில் வெளிவந்த, டர்போ பூட்டிய 1.4 லீற்றர் எஞ்சின் உள்ள வண்டியை. அதன் வலு 140 குதிரைவலு. கையால் கியர் மாற்றும் வகையின் எடை 970 கிலோ மட்டுமே. ஃபிட் ஆர்.எஸ். என்பது 2013 முதல் 2020 வரை விற்ற மூன்றாந் தலைமுறை ஃபிட்டின் விளையாட்டு வகை. டர்போ இல்லாத 1.5 லீற்றர் எஞ்சின், 132 குதிரைவலு, எடை ஆயிரங் கிலோவுக்குச் சற்று மேல். எண்களை மட்டும் வைத்துப் பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பிகளே.

ஆனால், மலையில் எண்கள் வேறு விதமாகப் பேசுகின்றன. ஸ்விஃப்டின் முழு இழுவையும் எஞ்சின் நிமிடத்துக்கு 2,500 சுற்றுச் சுற்றும்போதே கிடைத்துவிடுகிறது. ஃபிட்டின் முழு இழுவைக்கு 4,600 சுற்று வேண்டும். அப்பொழுதும் அது ஸ்விஃப்டின் இழுவையில் மூன்றில் இரண்டு பங்குதான். ஹாலி எலயிலிருந்து பண்டாரவளைக்கு ஏறும்போது, முன்னால் மரக்கறி லொறி ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தால் இந்த வேறுபாடு காலுக்குத் தெரியும். உயரமும் ஒரு காரணம். பதுளை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர். அப்புத்தளை ஏறத்தாழ 1,430 மீற்றர். அப்புத்தளையில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதைவிட எட்டில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் அந்த அளவுக்கு மூச்சுத் திணறும். டர்போ உள்ளதோ காற்றைத் தானே அழுத்தி உள்ளே தள்ளிக்கொள்ளும். ஆகவே ஏற்றத்தில் ஸ்விஃப்டுக்கே வெற்றி. இதில் வாதத்துக்கு இடமில்லை.

இளைஞர்கள் இந்த இடத்தில் தீர்ப்பை எழுதி முடித்துவிடுகிறார்கள். நமது கருத்து வேறு. மலைநாட்டு வண்டியை அது ஏறும் அழகைப் பார்த்து வாங்கலாகாது; இறங்கும் அடக்கத்தைப் பார்த்தே வாங்க வேண்டும். ஏற்றத்தில் வலுக் குறைந்தால் ஐந்து நிமிடந் தாமதமாகும், அவ்வளவே. இறக்கத்தில் பிடி குறைந்தால் நேர்வது என்ன என்பதை ஊவாவின் பள்ளத்தாக்குகள் நமக்குப் பலமுறை சொல்லிவிட்டன.

எல்லயிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் பாதையை எடுத்துக்கொள்வோம். முப்பது கிலோமீற்றருக்குட்பட்ட அத்தூரத்தில் வண்டி 800 மீற்றருக்கு மேல் கீழிறங்குகிறது. நால்வர் ஏறிய சிறு காரின் எடை ஏறத்தாழ 1,250 கிலோ. அவ்வளவு எடை அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, சமையலறைக் கணக்கிற் சொன்னால், 30 லீற்றர் குளிர்ந்த நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அதில் ஒரு பங்கைக் காற்றும் டயர்களும் ஏற்றுக்கொள்ளும். எஞ்சியதை ஏற்க இருவரே உண்டு: ஒருவர் எஞ்சின், மற்றவர் பிரேக். கியரைக் குறைத்து இறங்கினால் எஞ்சின் அதைச் சுமக்கும். பெற்றோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டாலோ, முழுச் சுமையும் உள்ளங்கை அகலமான பிரேக் கட்டைகளின் தலையில் விழும். அவை சூடேறினால் பிடிப்புக் குறையும். நாள்பட்ட பிரேக் ஒயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். சூட்டில் அந்த ஈரம் ஆவியானால், மிதித்த கால் பஞ்சில் மிதித்தது போல் அமிழ்ந்துவிடும்.

அதே பாதையில் 2025 செப்டெம்பர் 4ஆந் திகதி இரவு பஸ் வண்டி ஒன்று பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் மாண்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். பசறைப் பகுதியில் 2021 மார்ச் மாதம் நடந்த பஸ் விபத்தும் அவ்வாறே பல குடும்பங்களை அநாதைகளாக்கியது. அவற்றின் காரணங்களை ஆராய்வது இங்கே நமது வேலையன்று. இந்தச் சரிவுகள் எத்தகையவை என்பதை நினைவூட்டவே கூறினோம்.

இறக்கத்தைக் கொண்டு பார்த்தால் நம் இரண்டு வண்டிகளும் எப்படி? ஸ்விஃப்ட் எடை குறைந்தது. ஆகவே நிறுத்துவதும் எளிது. ஆனால் நால்வர் ஏறி, மூட்டை முடிச்சும் வைத்த பின்னர் அந்த வேறுபாடு சிறுத்துவிடுகிறது. அதற்கும் மேலாகக் கவனிக்க வேண்டியது கியர்ப் பெட்டி. இரண்டிலும் கையால் மாற்றும் ஆறு கியர் வகை உண்டு. தானியங்கி வகையில், ஸ்விஃப்டில் ஆறு படிகள் உள்ள பெட்டியும், ஃபிட்டில் படிகளற்ற பட்டிப் பெட்டியும் உள்ளன. பின்னதில் 'டி'யில் வைத்தபடியே இறங்குபவருக்கு எஞ்சினின் பிடி போதாது. தாமாகவே குறைந்த நிலைக்கு மாற்றிக்கொள்ளப் பழக வேண்டும். ஊவாவில் நாள்தோறும் ஓட்டப்போகிறவர், எந்த வண்டியானாலும், கையால் மாற்றும் கியரையே நாடுவது நன்று என்பது நமது துணிபு.

அடுத்தது அன்றாடச் செலவு. ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டுக்கு உயர்தரப் பெற்றோலைத்தான் ஜப்பானில் விதித்திருக்கிறார்கள். ஆகவே இங்கே 95 ஒக்டேனே ஊற்ற வேண்டும். ஃபிட் ஆர்.எஸ்.ஸோ சாதாரணப் பெற்றோலுக்காக அமைக்கப்பட்டது, 92 போதும். விலை வேறுபாடு ஒருபுறமிருக்க, மலையடிவாரத்துச் சிறு நிலையங்கள் எல்லாவற்றிலும் 95 எப்போதும் இருக்கும் என்று நம்பியிருக்க முடியாது. 2022ல் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து கொடுத்த நாட்களையும், அதற்காக வரிசையில் விடிய விடியக் காத்திருந்ததையும் அனுபவித்தவர்களுக்கு இதன் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை.

பாதையின் நிலைமை இன்னொன்று. ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் இடையே உள்ள உயரம் 120 மில்லிமீற்றர். ஐந்து அங்குலத்துக்குங் குறைவு. ஃபிட்டும் இதில் பெரிதாக மேம்பட்டதன்று. ஆனால் டயரில் வேறுபாடுண்டு. ஸ்விஃப்டின் 17 அங்குலச் சக்கரத்தைச் சுற்றியுள்ள றப்பரின் பக்க உயரம் 88 மில்லிமீற்றர். ஃபிட்டின் 16 அங்குலச் சக்கரத்தில் 102 மில்லிமீற்றர். குழியில் இறங்கும்போது அடியைத் தாங்குவது அந்த றப்பர்தான். பண்டாரவளை வீதியில் இது பெரிய விஷயமன்று. பிரதான வீதியை விட்டு மடுல்சீமைப் பக்கமோ, நமுனுகுலைப் பக்கமோ, ஸ்பிரிங்வெலிப் பக்கமோ தோட்டப் பாதையில் திரும்பியவுடன் பெரிய விஷயமாகிவிடும். 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் பதுளை மாவட்டத்து மலைகளைச் சரித்துப் பாதைகளை மூடியபோது, நல்ல பாதை என்பது நமக்கு நிரந்தரச் சொத்தன்று என்பதும் விளங்கியது.

தோட்டத்தில் வீடுள்ளவரின் கார் அவருக்கு மட்டும் உரியதன்று என்பதையும் கூற வேண்டும். நள்ளிரவில் லயத்தில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வேதனை கண்டால், முதியவர் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால், முதலில் தட்டப்படுவது கார் வைத்திருப்பவரின் கதவுதான். அந்த வேளையில் வண்டி லயத்து வாசல் வரை வர வேண்டும். பின்னாசனத்தில் நோயாளியைச் சாய்த்து, பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும். பதுளை வைத்தியசாலை வரை குலுங்காமல் இறங்க வேண்டும். இந்தப் பரீட்சையில் ஃபிட் ஆர்.எஸ்.ஸே முந்துகிறது. பெற்றோல் தாங்கியை முன்னாசனத்தின் கீழே வைத்திருப்பதால் அதன் பின்பக்கம் விசாலமானது. பின்னாசனத்தின் அடிப்பலகையை மேலே மடித்துவிட்டு உயரமான சாமான்களையும் நிறுத்தி வைக்கலாம். ஸ்விஃப்டின் பின்னாசனம் பிள்ளைகளுக்குப் போதும், பெரியவர்களுக்கு நெருக்கம்.

'ஸ்போர்ட்' என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. தியத்தலாவையில் நடைபெறும் ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நம் மாவட்டத்தில் ஏராளம். 2024 ஏப்ரல் 21ஆந் திகதி அங்கே ஒரு வண்டி ஓடுபாதையை விட்டு விலகியபோது 7 பேர் உயிரிழந்தனர்; அவர்களுள் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். அதற்கென அமைத்த களத்திலேயே வேகத்துக்கு இவ்வளவு விலையென்றால், பள்ளிப் பிள்ளைகளும் கொழுந்து எடுத்துத் திரும்பும் பெண்களும் ஓரமாக நடக்கும் பாதையிலே அதற்கு இடமேது? வளைவில் உறுதியாக நிற்கும் அடிச்சட்டமும், சொன்னவுடன் நிற்கும் பிரேக்கும், கைக்குக் கட்டுப்படும் ஸ்டியரிங்கும் பாதுகாப்புக்கே உரிய குணங்கள். அவற்றுக்காக இவ்வண்டிகளை விரும்புவது நியாயம். முன்செல்பவனை முந்துவதற்காக விரும்புவது நியாயமன்று.

ஆகவே நமது முடிவு இது. வீடும் வேலையும் பிரதான வீதியோரத்தில் இருந்து, பெரும்பாலும் ஒருவரோ இருவரோ மட்டும் செல்வதானால், ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டைத் தேர்ந்துகொள்ளலாம். பெற்றோரும் பிள்ளைகளும் ஏறும் குடும்பமானால், செலவையும் எண்ணிப் பார்ப்பவரானால், ஃபிட் ஆர்.எஸ்.ஸே ஏற்றது, அவ்வகை 2020க்குப் பின் உற்பத்தியாகாததால், நாட்டிலுள்ள பழைய வண்டிகளுள் நல்லதொன்றைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். கடைசி ஒரு மைல் கல்லும் குழியுமான தோட்டப் பாதையாக இருந்தால், மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு இரண்டையும் விட்டுவிட்டு, உயரம் கூடிய சாதாரணச் சிறு வண்டி ஒன்றைப் பார்ப்பதே விவேகம். மிஞ்சும் பணத்துக்கு நல்ல டயர்களும் பிரேக் கட்டைகளும் வாங்கலாம்.

எதை வாங்குவதானாலும், கொழும்பின் சமதரையில் ஓட்டிப் பார்த்துவிட்டு முற்பணம் கொடுக்க வேண்டாம். விற்பவரின் சம்மதத்துடன், வீட்டாரை ஏற்றிக்கொண்டு, நெடிய இறக்கம் ஒன்றில் இரண்டாம், மூன்றாம் கியர்களில் மெல்ல இறங்கிப் பாருங்கள். கால் எத்தனை முறை பிரேக்குக்குப் போகிறது என்று எண்ணுங்கள். கீழே வந்ததும் பிரேக் மிதி முன்போலவே கெட்டியாக இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். பின்னாசனத்தில் இருந்த அம்மாவிடம் கருத்துக் கேளுங்கள். "பயமில்லாமல் வந்தேன்" என்று அவர் சொன்னால், அந்த வண்டியை வாங்கலாம்.